நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல், கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானச் சேவைகளில் இன்று இதைவிட நீளமானது வேறொன்றும் இல்லை. சிங்கப்பூரில் வசிப்பவன், நியூஜெர்சியில் அண்ணன் குடும்பம் இருப்பதால் இந்தத் தடத்தில் போய்வருகிறவன் என்ற முறையில், "நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?" என்ற கேள்வியை நண்பர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் அடிக்கடி கேட்கிறேன். போவதற்கா, திரும்புவதற்கா, எந்த மாதத்தில் என்று நான் பதிலுக்குக் கேட்டால், ஒரு எண்ணைச் சொன்னால் போதுமே என்பது போலப் பார்க்கிறார்கள். தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் பேருந்துக்கும் ரயிலுக்கும் பெரும்பாலும் பொருந்திவருவதால் வந்த பழக்கம் அது. இவ்வளவு நீண்ட வான்பயணத்திலோ காற்று, எரிபொருள், நாடுகளின் வான்வெளி அனுமதி, விமானத்தின் வகை ஆகிய எல்லாம் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கின்றன. அவற்றுள் ஒன்றாக மட்டுமே தூரம் நிற்கிறது.

முதலில் அந்தத் தூரத்தையே பார்க்கலாம். தட்டையான உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். உண்மையான குறுக்குவழி அதுவல்ல. வீட்டில் மகனின் படிப்பு மேசையில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. அதில் சிங்கப்பூர்ப் புள்ளியின்மேல் தையல் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து நூலை இறுக்கினால், அது மேற்கேயும் போகாமல் கிழக்கேயும் போகாமல் வழுக்கிக்கொண்டு நேர் வடக்கே ஏறி நிற்கும். தாய்லாந்து வளைகுடா, கம்போடியா, லாவோஸ், சீனத்தின் குன்மிங் நகரம், சிச்சுவான் மலைகள், மங்கோலியா, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியா, அதைத் தாண்டி ஆர்க்டிக் பெருங்கடல் என்று சென்று, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள்ளாகவே கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரத்தையும் பாஃபின் தீவையும் தொட்டுக்கொண்டு, கியூபெக் மாகாணத்தின் வழியாக மான்ட்ரியலின் தலைக்கு மேலே இறங்கி நியூயார்க்கை அடையும். கணிதத்தில் பெருவட்டம் என்று சொல்கிறோமே, அதன் ஒரு துண்டுதான் இந்த வழி.

நூல் துருவத்தை ஒட்டிப் போவதற்குக் காரணம் எளிது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க் 74 பாகை மேற்கில். இரண்டுக்கும் இடையே 178 பாகை. பூமியைச் சுற்றி 360 பாகை என்பதால், இவ்விரு நகரங்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள தீர்க்கரேகைகளில் அமைந்திருக்கின்றன என்றே சொல்லிவிடலாம். அப்படி அமைந்த இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய பாதை துருவத்தின் அருகேதான் போக முடியும். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய உச்சத் தொலைவு 20,000 கிலோமீட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 15,350 எவ்வளவு பெரிது என்பது புலப்படும்.

ஆனால் விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. துருவத்தை ஒட்டிய வான்பகுதிக்கென்று தனி ஏற்பாடுகள் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலைகொண்டிருக்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அங்கே அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. வெளியே குளிர் கடுமையாக இருக்கும்போது இறக்கைத் தொட்டிகளில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே வர வேண்டும். அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ வகை எரிபொருள் உறைநிலை வரம்பாக மைனஸ் 40 பாகை செல்சியஸையும், மற்ற நாடுகளில் பரவலாக உள்ள ஜெட் ஏ-1 வகை மைனஸ் 47 பாகையையும் கொண்டவை. இவற்றையெல்லாம் சமாளிக்கலாம், சமாளித்தும் இருக்கிறார்கள். ஆனால் நூல் போகும் பாதையில் ரஷ்யாவின் வான்வெளி பரந்து கிடக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அந்த வான்வெளி உலகின் பல விமான நிறுவனங்களுக்கு அடைபட்டுப்போனது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், அதன் பிறகு 13 மணி நேரம் எடுத்துக்கொண்டு துருவத்தைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சில நாள்களிலேயே பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டது.

ஆகவேதான் சிங்கப்பூர்–நியூயார்க் தடத்துக்கு இரண்டு வெவ்வேறு எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் 15,340 என்றோ 15,350 என்றோ வருவது உருண்டையின்மேல் நூல் காட்டும் தொலைவு. 2018-இல் இந்தச் சேவையை மீண்டும் அறிவித்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன எண் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை. இரண்டுமே சரிதான். ஒன்று நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு, மற்றது விமானம் பறக்கும் தொலைவு. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தாவது வேறு வழியில் போவது ஏன் லாபம் என்பதில்தான் இந்தப் பயணத்தின் சுவாரஸ்யமே இருக்கிறது.

பயண விமானம் உயரே நிலைகொண்டபின் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. காற்றே இல்லையென்றால் 15,350 கிலோமீட்டரை 17 மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் அந்த 900 என்பது விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஊடுருவும் வேகம். காற்று நகர்ந்தால் விமானமும் அதனோடு சேர்ந்து நகரும். நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில், குறிப்பாக ஜப்பானுக்கு மேலே, அது மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். 150 கிலோமீட்டர் வேகமுள்ள பின்காற்று ஆறு மணி நேரம் கிடைத்தாலே 900 கிலோமீட்டர் இனாமாகக் கிடைக்கிறது. அதாவது ஒரு மணி நேரப் பயணம். அதே காற்றை எதிர்த்துப் போனால் அந்த ஒரு மணி நேரத்தையும் அதற்கான எரிபொருளையும் இழக்கிறோம்.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் ஓய்ஷி வாசாபுரோ. 1920-களில் தாத்தேனோ என்ற ஊரில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை மேலே போகப் போக எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இழுத்துச் செல்லப்படுகின்றன என்று தொலைநோக்கிக் கருவியால் பின்தொடர்ந்து குறித்துவைத்தார். தம் முடிவுகள் உலகம் முழுவதும் படிக்கப்பட வேண்டும் என்று எண்ணி அவற்றை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர்கள் குறைவாக இருந்ததாலோ என்னவோ, அது உரிய கவனம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜப்பானின் மேல் உயரப் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் அதன் வலிமை பரவலாக உணரப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து பசிபிக் வழியாக நியூயார்க் போகிறவர்கள் ஜப்பானை நெருங்கும் நேரத்தில் இருக்கைத் திரையில் தரைவேகத்தைப் பார்த்தால், மணிக்கு 1,000, 1,050, சில நாள்களில் 1,100 என்று ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். ஓய்ஷி பலூனில் அளந்த அதே காற்று அது.

இதனால் விளைவது ஒன்று உண்டு. முதன்முறை வரைபடத்தில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. பல நாள்களில், சிங்கப்பூரிலிருந்து போகும் விமானம் கிழக்கே பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா சேர்கிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானமும் கிழக்கே கிளம்பி, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் ஆசியாவையும் கடந்து சிங்கப்பூர் வருகிறது. இரு திசையிலும் காற்றை முதுகில் வாங்கிக்கொள்வதற்காக. போய்த் திரும்பிய பயணி அறியாமலேயே உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கிறார். இரு நகரங்களும் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால்தான் இப்படி எந்தப் பக்கமாகவும் போகும் வசதி கிடைக்கிறது. அன்றன்றைக்குக் காற்று எப்படி வீசும் என்ற முன்கணிப்பைப் பார்த்துத்தான் பாதை வகுக்கப்படுகிறது. நேற்று போன வழியில் இன்று போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவ்வளவு மாறுதல்கள் இருக்கும்போது கால அட்டவணையில் ஒரு நேரத்தை எப்படி அச்சிடுகிறார்கள் என்று கேட்கலாம். அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. இங்கே வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல் அங்கே வாயிலில் போய் நிற்பது வரை உள்ள முழு நேரம். அதில் ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும், நியூயார்க் போன்ற நெரிசலான இடத்தில் தரையில் ஊர்வதும் அடக்கம். கடந்த ஆண்டுகளின் அனுபவத்தை வைத்து, பருவத்துக்குப் பருவம் மாற்றி, கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார்கள். போகும்போது 18 மணி நேரத்தை ஒட்டியும் திரும்பும்போது 19 மணி நேரத்தை நெருங்கியும் அட்டவணை சொல்வது இப்படி வந்த எண்கள்தான். 2018 அக்டோபர் 11-ஆம் தேதி கிளம்பிய முதல் விமானம், நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் உள்ள நியூவார்க் விமான நிலையத்தில் இறங்க எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம். அட்டவணையைவிட முன்னதாக வந்துவிட்டோம் என்று விமானிக்கு நன்றி சொல்வதில் தவறில்லை, காற்றுக்கும் சொல்லலாம்.

கடிகாரத்தைப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிட முயல்கிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். நியூயார்க்கில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் தொடவே வேண்டாம். சிங்கப்பூரில் காட்டிய அதே நேரத்தை அங்கேயும் சரியாகக் காட்டும், பகல் மட்டும் இரவாகியிருக்கும். குளிர்காலத்தில் அது 13 மணி நேரம் ஆகிவிடுகிறது. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானத்தில் பசிபிக் வழியாகப் போனால், இருட்டில் ஏறி, ஜப்பான் பக்கத்தில் விடியலைப் பார்த்து, சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்து, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு பகலைக் கழித்து, கனடாவின் மேல் மீண்டும் இருட்டுக்குள் நுழைந்து, அதிகாலையில் நியூயார்க்கில் இறங்குகிறோம். நாள்காட்டியில் ஓர் இரவு மட்டுமே கழிந்திருக்கும். உடம்புக்கு மட்டும் இரண்டு இரவுகள் கழிந்தது தெரியும்.

இனி விமானத்தைப் பற்றி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை முதலில் தொடங்கியது 2004-இல், நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். நான்கு எஞ்சின்களும் குடித்த எரிபொருளின் விலை கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். கடைசி ஆண்டுகளில் அந்த விமானத்தில் இருந்தவை 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் மட்டுமே. அடுத்த ஐந்து ஆண்டுகள் இந்த இரு நகரங்களுக்கிடையே இறங்காமல் போக வழியே இருக்கவில்லை. 2018-இல் ஏ350-900 யுஎல்ஆர் என்ற, இரண்டே எஞ்சின்கள் கொண்ட விமானம் வந்த பிறகுதான் நியூவார்க் சேவை மீண்டும் உயிர்பெற்றது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் தொடங்கியது. தொழில்நுட்பம் முன்னேற முன்னேறப் பயண நேரம் குறைந்துகொண்டே வரும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகளை நினைவூட்ட விரும்புகிறேன். எரிபொருள் கணக்கு ஒத்துவராவிட்டால் பயணம் மீண்டும் நீண்டுவிடும்.

அந்தக் கணக்கின் கடுமையை எண்களில் பார்க்கலாம். இந்த வகை விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்பவை. வழக்கமான ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் கூடுதல். முழுவதும் நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டும் ஏறத்தாழ 130 டன். விமானம் தரையிலிருந்து எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 280 டன். ஆக, எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருள்தான். முதல் சில மணி நேரங்களில் எரிவதில் கணிசமான பகுதி, பிந்தைய மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் விமானம் தொடக்கத்தில் தாழ்வாகப் பறந்து, எரிபொருள் தீர்ந்து எடை குறையக் குறையப் படிப்படியாக உயர ஏறுகிறது. அதனால்தான் முன்புறச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. அதனால்தான் மற்ற தடங்களில் முந்நூறு பேர் வரை ஏறக்கூடிய உடற்பகுதியில் 161 இருக்கைகளே இருக்கின்றன: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இதில் பயணச்சீட்டு விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. ஒவ்வொரு பயணியோடும் ஏறத்தாழ எண்ணூறு கிலோ எரிபொருளும் ஏறுகிறது.

உள்ளே இருக்கும் மனிதருக்கு அந்த 18 மணி நேரம் எப்படி இருக்கும்? முதல் ஆறு மணி நேரம் எந்த நீண்ட பயணத்தையும் போலத்தான். சாப்பாடு வருகிறது, ஒரு படம் ஓடுகிறது, தூக்கம் பிடிக்கிறது. பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு விமானத்தின் பின்பகுதியில் உள்ள சமையல் இடத்தை ஒட்டி ஒரு சிறு கூட்டம் சேரத் தொடங்கும். காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து நிற்பவர்கள், குதிகாலை உயர்த்தி இறக்கிக் கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், காகிதக் குவளையில் தண்ணீரோடு ஜன்னல் திரையைச் சற்றே உயர்த்தி வெளியே என்ன தெரிகிறது என்று குனிந்து பார்ப்பவர்கள். முன்பின் தெரியாதவர்கள் பேச ஆரம்பிப்பது அங்கேதான். நியூஜெர்சிக்கு மகளின் பிரசவத்துக்காகப் போகும் ஓர் அம்மாள் ஒருமுறை அங்கே என்னிடம், "தம்பி, இது இப்ப எந்த ஊருக்கு மேல போகுது?" என்று கேட்டார். திரையில் நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே இருந்தோம். கடல்தான் அம்மா, இன்னும் நாலைந்து மணி நேரம் கடல்தான் என்றேன். காக்பிட்டில் நான்கு விமானிகள் முறைவைத்து ஓட்டிக்கொண்டும் உறங்கிக்கொண்டும் வருகிறார்கள். பயணிகளுக்கு அப்படி முறை கிடையாது; எப்போது உறங்குவது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏறியவுடன் உறங்காமல், நியூயார்க்கின் இரவுக்குப் பொருந்துமாறு பிற்பாதியில் உறங்குகிறவர்கள் இறங்கியபின் தெளிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இறங்காமல் போவதே எல்லோருக்கும் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்கு விமானம் இருக்கிறது. சிங்கப்பூர்–பிராங்க்ஃபர்ட் ஏறத்தாழ 10,260 கிலோமீட்டர், பிராங்க்ஃபர்ட்–நியூயார்க் 6,190. மொத்தம் 16,450. நேரடி விமானம் காற்றைத் தேடிச் சுற்றிப் போகும் தூரமும் ஏறத்தாழ இதுவேதான். ஆனால் நேரம் ஐந்தாறு மணி கூடுகிறது; நடுவில் இறங்கி, நின்று, மீண்டும் ஏறுவதால். அந்த ஐந்தாறு மணி நேரத்தில் காலை நீட்டி நடக்கலாம், முகம் கழுவலாம், எகானமி விலையிலும் போகலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது இழப்பா லாபமா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கணக்கு வேறுமாதிரி. சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,480 கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட 1,800 கிலோமீட்டருக்கு மேல் அருகில் இருந்தும், நேரடி விமானம் இல்லாததால் சென்னைப் பயணி சிங்கப்பூர்ப் பயணியைவிடத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறார். துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் 2,930, துபாய்–நியூயார்க் 11,020, மொத்தம் 13,950 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட ஐந்நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனாலும் துபாயில் காத்திருப்பதைச் சேர்த்தால் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் "போகிற வழியில்தானே இருக்கிறது" என்று எங்கள் உறவினர்கள் எண்ணுவதும் சரியல்ல. சென்னையிலிருந்து கிழக்கே 2,900 கிலோமீட்டர் வந்து, பிறகு 15,350 போவது என்றால் 18,000-ஐத் தாண்டுகிறது. என் வீட்டில் சில வாரம் தங்குவதற்காக வருபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

இந்தக் கணக்கையெல்லாம் இப்போது நான் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் அம்மா. வரும் மே மாதம் அவர் என்னிடம் வந்து தங்கிவிட்டு அண்ணனிடம் போகப் போகிறார். அண்ணன் பிராங்க்ஃபர்ட் வழியைச் சொன்னார், அம்மாவுக்கு முழங்கால் நீட்டி நடக்க இடைவெளி வேண்டும் என்று. அம்மாவோ அந்நிய ஊரில் தனியாக இறங்கி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே போகும்போது சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம், பிரீமியம் எகானமியில், கழிப்பறைக்குச் சற்று அருகே நடைபாதையை ஒட்டிய இருக்கை; திரும்பும்போது அண்ணன் மகனும் கூட வருவதால் நியூயார்க்கிலிருந்து வளைகுடா வழியாக நேரே சென்னைக்கு. இரண்டு பயணங்களுக்கும் சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து பதினெட்டு, திரும்பிச் சென்னைக்கு இருபத்திரண்டு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காற்று எப்படி என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் மாத்திரை சாப்பிடும் நேரங்களை எந்த ஊர்க் கணக்கில் வைத்துக்கொள்வது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.